மேய்ப்பனின் தலை

அடியில் விளக்கெரியும் மேசையின் மேல் கிடந்த வண்ணக் கண்ணாடி மேய்ப்பனின் கழுத்து இடப்பக்கம் திரும்பியிருந்தது. தலையோ வலப்பக்கம் பார்த்தது. இப்படி ஒருவனால் எப்படி நிற்க முடியும் என்று சோலேனுக்கு விளங்கவில்லை. பேராலயத்தின் வடக்குச் சன்னலைச் செப்பனிடத் தன் பட்டறைக்கு இறக்கிக்கொண்டு வந்து மூன்று நாளாயிற்று. மற்ற வேலையெல்லாம் கிடக்க, உள்ளங்கையளவு இருந்த இந்தத் தலையையே சுற்றிச்சுற்றி வந்தாள். யார் தலையடா நீ? ஓரிடத்தில் உடைந்தால் வேறு சன்னலில் உதிர்ந்த துண்டை எடுத்துச் செருகிவிடுவது அந்தக் காலத்துக் கண்ணாடிக்காரர்களின் வழக்கம்தான். அப்படியானால் இதன் உடல் எங்கோ தலையில்லாமல் நிற்க வேண்டும்.

நின்றது. தெற்குச் சன்னலில், புனித ஸ்தேவானைக் கல்லெறிந்து கொல்லும் கூட்டத்தில் மூன்றாமவனுக்கு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சைக் கண்ணாடி. ஏணியில் ஏறி, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள்மேல் தாளை வைத்துக் கரி தேய்த்து அச்செடுத்து வந்தாள். தலையை அதன்மேல் வைத்தபோது தாடையோரத்து மூளிவரை பொருந்தியது. சந்தோஷம் தாங்காமல் பங்குச் சாமியாருக்கு போன் போட்டுச் சொன்னாள். அதுதான் வினையாயிற்று. அரை மணி நேரத்தில் யோலாந்த் வந்து நின்றாள். பேராலயத்தைக் கூட்டித் துடைப்பவள். இருபது வருடமாக அந்த மேய்ப்பனுக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றுகிறவள்.

"என் மேய்ப்பன் கொலைகாரனாமே. சாமியார் சிரிக்கிறாரு."

"இன்னும் எறியல அக்கா. கைதான் ஓங்கியிருக்கு."

"பெரிய வித்தியாசம்தான் போ. இருந்த இடத்துலயே விட்டுடேன். நாப்பதடி உசரத்துல யார் பாக்கப் போறா?"

விடலாம்தான். செப்பனிட்ட வேலை பற்றிய அறிக்கையில் ஒரு வரியை எழுதாமல் இருந்தால் போதும். சோலேன் பதில் சொல்வதற்குள் யோலாந்த் மேசைமேல் குனிந்துவிட்டாள். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கீழிமையில் மயிரிழைக் கோடு ஒன்று. அந்த ஒரு கோட்டில்தான் அத்தனை இரக்கமும் இருந்தது.

"கல்லெறியிறவனுக்கு எதுக்கு இப்படி ஒரு மூஞ்சிய வரைஞ்சான்?"

"எனக்கும் அதான் புரியல அக்கா."

யோலாந்த் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நான் சொன்ன பொய்யாலதான் அப்பா என் தங்கச்சிய வீட்ட விட்டுத் துரத்தினாரு. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட சொன்னதில்ல, இவன்கிட்ட மட்டும்தான். மத்த புனிதருங்க எல்லாம் வானத்தப் பாத்துட்டு நிப்பாங்க. இவன் ஒருத்தன்தான் கீழ பாப்பான்."

சோலேன் அச்சுத்தாளை அவள் பக்கம் திருப்பினாள். தலை தன் உடலோடு சேர்ந்திருந்தது. கல்லை ஓங்கியபடி, எதிரே மண்டியிட்டிருந்த ஸ்தேவானைத்தான் அவன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான். யோலாந்த் எழுந்து போகும்போது, "அவன் இடத்துக்கே போகட்டும்" என்றாள்.

தெற்குச் சன்னலையும் இறக்கித் தலையை அதன் உடலோடு சேர்த்தாள் சோலேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் இரண்டு சன்னல்களும் ஏறின. மறுநாள் காலை, கடைசி ஆணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சோலேனுக்குக் கீழே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. யோலாந்த் மெழுகுவத்தித் தாங்கியை வடக்கிலிருந்து தெற்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றை ஏற்றிவிட்டு மண்டியிட்டாள். மேகம் விலகி வெயில் வந்தது. மூன்றாமவன் கையிலிருந்த கல், நீல வெளிச்சமாக இறங்கி அவள் தோளில் விழுந்தது. அவள் நகரவில்லை.