கீழே போட்டது யார்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த கொழுந்தன் முதலில் பார்த்தது கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணனை இல்லை. சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியை. ஒரு நொடிதான். அதற்குள் கண்ணை இழுத்துக்கொண்டு அண்ணன் காலடியில் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். ஆனால் அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள். காலையிலிருந்து அழுது வீங்கிய கண்கள்தான். என்றாலும் பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தவறவில்லை.

அலமாரிச் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. விரல்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவள் கணவர் ஒரு பத்திரிகைக்கும் நாலைந்து சங்கங்களுக்கும் விளையாட்டுப் படம் எடுப்பவர். இன்று காலை எட்டு மணி ஆட்டத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். தாழ்வாக வரும் பந்தை எடுக்கத்தான் குனிகிறார் என்று எல்லாரும் நினைத்தார்களாம். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேமராவை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தவர் ஆட்டத்தின் நடுவர். வாங்கியதும் அவள் லென்ஸைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்கும்மா. விழும்போதுகூட நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் விழுந்தார்" என்றார் நடுவர்.

அவள் தலையை ஆட்டினாளே தவிர நம்பவில்லை. யார் சொல்வதையும் நம்பும் வழக்கம் அந்த வீட்டில் எட்டு மாதமாக விட்டுப்போயிருந்தது.

அந்த ஜூம் லென்ஸுக்கு வீட்டில் பெயர் மூத்தவன். மகள் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்னால் வாங்கியது, அதனால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடம் மழையில் நனைந்தான், பந்தடி பட்டான், ஒருமுறை ரயிலில் தொலைந்துபோய் மறுநாள் தானாகத் திரும்பி வந்தான். "மூத்தவன் இருக்கான், எனக்கென்ன கவலை" என்பார் அவர். அதைக் கேட்டுக் கேட்டு, "என்னைவிட அவன்தான் உங்களுக்கு உசத்தி" என்று பெற்ற மகள் ஒருமுறை மூன்று நாள் பேசாமல் இருந்தாள்.

அப்பேர்ப்பட்ட மூத்தவன் எட்டு மாதத்துக்கு முன்னால் கெட்டுப்போனான். கொழுந்தனும் படம் எடுப்பவன்தான்; கல்யாணம், விழா என்று. கடற்கரையில் ஒரு விழா, தூரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று மூத்தவனை இரவல் வாங்கிப் போனான். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தான். சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் படமே சரியில்லை. கிட்டத்தில் எடுத்தால் பழுதில்லை; முழுசாக இழுத்துத் தூரத்தை எடுத்தால் முகங்களெல்லாம் ஆவி படிந்த ஜன்னல் வழியாகப் பார்த்தது போல இருந்தன.

கை நடுங்கியிருக்கும் என்று முதலில் தன்னையே நொந்துகொண்டார் அவர். ஸ்டாண்டில் பொருத்தி எடுத்தார். அப்போதும் அதே கதை. பிறகு ஜன்னலில் நின்று எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எடுக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நாற்பது படம். "எங்க சுவத்துல அப்படி என்னதாங்க இருக்கு?" என்று எதிர்வீட்டம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

அந்த வார்த்தையை முதலில் விட்டவள் அவள்தான். டீ டம்ளரை நீட்டும்போது, போகிற போக்கில், "தம்பி கைக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறம்தானே இப்படி?" என்றாள். அவர் டம்ளரை வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். தம்பி எங்கோ கீழே போட்டிருக்கிறான். உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது. வெளியே தெரியவில்லை என்றதும் கமுக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டான். அன்று மாலையே கூப்பிட்டு விசாரணை நடந்தது.

"போட்டேன்னு சொல்லிடுடா. உன்னை அடிக்கவா போறேன்? மறைக்கிற பாரு, அதுதான் பொறுக்கல."

"போடாததைப் போட்டேன்னு எப்படிண்ணே சொல்றது?"

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

நடுவில் ஒரு சின்ன விஷயம் உண்டு. அதை அவள் ஒரு விஷயமாகவே எண்ணவில்லை. கொழுந்தன் லென்ஸைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், அவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாய்த்து வைத்திருந்த ஸ்டாண்டின் கால் சரிந்து மூத்தவனின் முகத்தில் இடித்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசிக்கும் கைரேகைக்கும் காவலாக அதற்கு முன்னால் மாட்டியிருந்த வட்டக் கண்ணாடிதான் விரிசல் விட்டது. பல்வலியோடு வருகிற மனிதரிடம் இதைப் போய்ச் சொல்வானேன் என்று, படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு லென்ஸோடு ஓடினாள். கடைக்காரர் ரப்பரைச் சுற்றி, கண்ணாடி பதிந்திருந்த வளையத்தைத் திருகிக் கழற்றி, உடைந்ததை எடுத்துவிட்டு, அதே வளையத்தில் புதுக் கண்ணாடியை அளவாக வெட்டிப் பதித்துக் கொடுத்தார். பழையதைவிடப் பளபளவென்று இருந்தது. வளையத்தில் பழைய எழுத்துகள் அப்படியே இருந்ததால் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தினமும் அதை ஊதி ஊதித் துடைத்துவிட்டுத்தான் மற்ற எல்லார் மீதும் சந்தேகப்பட்டார்.

பழுது பார்ப்பவரையும் விட்டுவைக்கவில்லை. "எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுப் பார்த்துட்டேன், மணி மாதிரி இருக்கு" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து எடுத்தால் மறுபடி அதே மங்கல். "இவனும் தம்பியும் கூட்டு" என்றார் அவள் கணவர். அவளும் ஆமாம் போட்டாள்.

அதற்கப்புறம் வேறு லென்ஸ் பார்க்கக் கடை கடையாகப் போக ஆரம்பித்தார். மூன்றைக் குறித்து வைத்திருந்தார். ஒன்று இதே கம்பெனியின் புது மாடல். கைக்கு லேசு, ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது என்றார். இன்னொன்று வேறு கம்பெனி. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டுமாம், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தைக் கை விடுமா? மூன்றாவது ஜூமே இல்லாதது. பந்து பக்கத்தில் வந்தால் இவர்தான் பின்னால் ஓட வேண்டும். போய்விட்டு வரும்போதெல்லாம், "சின்ன வீடு பார்த்துட்டு வந்தாச்சா?" என்று அவள் கேட்பாள். அந்த எட்டு மாதத்தில் அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான். ஒருமுறை அந்த இரண்டாவதை வாடகைக்கு எடுத்து வந்து இரண்டு நாள் வைத்திருந்தார். எல்லாப் படமும் துல்லியமாக வந்தது. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூத்தவனையே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளருகே வந்து உட்கார்ந்திருந்தான். "தலைமாட்டுல வைக்க அண்ணன் படம் ஒண்ணு வேணுமே."

லட்சம் படம் எடுத்தவர் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

"கேமராவைக் கொடுங்க. கார்டுல ஏதாவது இருக்கும், தேடிப் பார்க்கறேன்."

இதற்குத்தான் அலமாரியைப் பார்த்தானா? அவள் எழுந்துபோய்த் திறந்து கேமராவை எடுத்தாள். கொடுக்கவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டு, "இங்கேயே பாருங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகத் தள்ளினான். சுவர். சுவர். சுவர். பிறகு அவரே வந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் அந்தச் சுவரின் முன்னால், கையில் விரித்த செய்தித்தாளோடு, கேமரா தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் நின்ற படங்கள். மங்கல். மறுநாள், அதே இடம், அதே மங்கல். ஒன்றில் சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. ஒன்றில் மழைக்கு அவசரமாக நின்றிருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் முகம் கரைந்தே இருந்தது. தள்ளிக்கொண்டிருந்த விரல் வரவர மெதுவானது.

"எத்தனைன்னு பார்த்தீங்களா, தம்பி?"

"பார்த்தேன் அண்ணி."

"அஞ்சு மணிக்கு எடுத்துடுவாங்க. இனிமே உங்களை யார் திட்டப் போறா? அவர் காதுல விழட்டும். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிடுங்க."

கொழுந்தன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"கீழே போட்டேன் அண்ணி. நான்தான் போட்டேன்."

எட்டு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. வந்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. கேட்டதும் கிடைத்துவிட்டதே என்று அதுவும் சந்தேகமாக இருந்தது.

"எங்க போட்டீங்க?"

"அங்கதான். மணல்ல."

"மணல்ல விழுந்தா கெட்டுப்போகுமா?"

"கல் இருந்துச்சு" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தாங்க, இது நல்லா இருக்கு."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதே சுவர், அதே செய்தித்தாள். ஆனால் தாளின் தலைப்பு எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. பிடுங்கிய பல்லின் இடைவெளி தெரிய, களவாடிவிட்டு நிற்பவர் போல ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சின்ன வீடு" என்றாள் அவள். சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. "வாடகைக்கு எடுத்த லென்ஸ்" என்றாள் பிறகு.

தெருமுனை ஸ்டுடியோவில் படத்தைப் போட்டு, சட்டக் கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டரை மணிக்குக் கடைக்காரரே படத்தையும் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். கிடத்தியிருந்தவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து வேலையைத் தொடங்கியவர், மேஜைமேல் இருந்த கேமராவைக் கவனித்தார்.

"இதுதானேம்மா அது? அன்னைக்கு வட்டமா வெட்டிக் கொடுத்தேனே, சரியா உக்காந்துச்சா? ஜன்னலுக்குப் போடற கண்ணாடிதான். ஆனா அவ்வளவு அளவா நான் இதுவரைக்கும் வெட்டினதில்ல."

கொழுந்தன் தலை நிமிர்ந்தது.

அவன் எழுந்து கேமராவை எடுத்தான். இந்த முறை அவள் தடுக்கவில்லை. லென்ஸின் முன்னால் இருந்த வளையத்தை இரண்டு விரலால் திருகினான். நாலு சுற்றில் கழன்று வந்தது. ஜன்னலுக்குப் போய், லென்ஸை முழுசாக இழுத்து, எதிர்வீட்டுச் சுவரை ஒரே ஒரு படம் எடுத்தான். பிறகு திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது.

அவள் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். செங்கல் செங்கலாகத் தெரிந்தது. நடுவில் ஓடிய பூச்சின் விரிசல், அதில் ஏறிக்கொண்டிருந்த எறும்புகள், எப்போதோ அடித்த ஆணியின் துரு.

"எப்ப அண்ணி மாத்தினீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

நான் கொடுத்தது திங்கட்கிழமை என்று அவன் சொல்லவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால், அவர் சிரித்துவிட்டு அதைக் கழற்றித் தூரப் போட்டிருப்பார். தம்பி வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

கொழுந்தன் வளையத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பாப்பா வர்ற நேரமாச்சு" என்றான் தாழ்ந்த குரலில். "கீழே போட்டது நான்தான். அப்படியே இருக்கட்டும் அண்ணி."

"கண்ணாடி எதும்மா போடட்டும்?" என்றார் சட்டக் கடைக்காரர். "சாதாவா, ஒசத்தியா?"

"கண்ணாடி வேண்டாம்."

"தூசி படியுமேம்மா."

"படியட்டும்."

கடைக்காரர் வெறும் சட்டத்தில் படத்தை வைத்துத் தலைமாட்டில் நிறுத்திவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்து நிமிர்ந்தபோது, வாசலோரம் தள்ளி நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். தோளைத் தொட வந்த அவர் கையிலிருந்து மெல்ல விலகி, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"சித்தப்பா ஒத்துக்கிட்டாராம்மா?"

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொடுங்க தம்பி" என்று அவள் கையை நீட்டினாள்.

அவன் அசையவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவும் இல்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "இதை மாத்தினது நான்" என்று அவள் மகளிடம் கொடுத்தாள்.

மகள் அந்த வட்டக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு கண்ணருகே தூக்கிப் பிடித்து, அதன் வழியாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றாள்.