கண்ணாடி வேர்த்துவிட்டது

எர்மெக்கின் துப்பாக்கிக் கடையில் என் வீட்டுக்காரர், துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் நான்காவதையும் கீழே வைத்தார்.

"இதுவும் மங்கல். என்னடா தம்பி, குப்பையெல்லாம் எனக்குன்னே எடுத்து வச்சிருக்கியா?"

எர்மெக் முகம் சுண்டிப்போனான். "மெர்கென் அண்ணே, இதைவிடத் தெளிவான கண்ணாடி இந்த நரின் டவுன்லயே கிடையாது."

குறி தப்பாத வேட்டைக்காரரைத்தான் நாங்கள் மெர்கென் என்போம். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பட்டம் இவர் ஒருவருக்குத்தான். அப்பேர்ப்பட்டவரின் இரண்டு குதிரைகளை இந்தக் குளிர்காலத்தில் ஓநாய்கள் தின்றுவிட்டன. மிச்சம் இருப்பது சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று, அதுவும் சினை. அதுவும் போனால் கோடையில் குடிக்கக் குதிரைப்பாலும் இல்லை, மலைக்குக் கூடாரம் ஏற்றிப் போக வழியும் இல்லை. அதற்காகத்தான் புதுத் துப்பாக்கி.

நான் சும்மா இருப்பேனா? அந்த ஸ்கோப்பைப் பிடுங்கி வாசல் வழியாகப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில் ஒருத்தி கம்பளம் உதறிக்கொண்டிருந்தாள். அவள் விரல் மோதிரம்கூடத் தெரிந்தது. ஸ்கோப்பை வைத்துவிட்டு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், கண்ணாஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. ஒரு எட்டு போயிட்டு வந்திருவோம்."

"எதுக்கு? மலையாட்டுக் கொம்புல எத்தனை வளையம்னு அடிவாரத்துலேருந்தே சொன்னவன் நான். வாயை மூடிக்கிட்டு இரு."

கடைசியில், இருப்பதிலேயே பெரிதாகக் காட்டுவதைக் கேட்டார். எர்மெக் தலையைச் சொறிந்தான். "வேணாம்ண்ணே. கை நடுக்கமும் பெருசாத் தெரியும், பார்க்கிற இடமும் சுருங்கிரும். விடியக்காலையில இருட்டடிக்கும். சின்னதே போதும்."

"பெருசு."

அதோடு பேச்சு முடிந்தது. சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைச் சரிசெய்ததும் எர்மெக்தான். இவர் தோள் வலி என்று சாக்குச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, சூடான வீட்டுக்குள்ள மட்டும்..."

"கொண்டுபோனா கண்ணாடி வேர்த்துரும், வெளிய எடுத்தா உறைஞ்சிரும். எனக்கே பாடமா?"

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைக் கொட்டகையில் குளிரிலேயே தொங்கவிட்டேன். மறுநாள் விடியும் முன் நானே எடுத்துவந்து கொடுத்தேன். இரும்பு கையைக் கடித்தது. வறட்டி அடுக்குக்குப் பின்னால் இருவரும் படுத்தோம். எதிர்ச் சரிவில் வைக்கோல் போரடியில் குதிரை கட்டியிருந்தது.

பனி வெளுத்தபோது ஓநாய்கள் வந்தன. என் வெறும் கண்ணுக்கே தெரிந்தன.

"போருக்கு இடப்பக்கம்யா," என்று முணுமுணுத்தேன்.

"தெரியுது, தெரியுது. சத்தம் போடாதே. கிட்ட வரட்டும்."

துப்பாக்கி வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ, நான் என்ன செய்ய? குழலைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினேன். அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுடுய்யா! சுட்டுத் தொலை!"

அவர் முகத்தை எடுத்தார். "கண்ணாடி வேர்த்திருக்கு. ராத்திரி வீட்டுக்குள்ள கொண்டு வந்தியா?"

குதிரை அலறியது. "என்கிட்டக் குடு!" என்று இழுத்தேன். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், விடவில்லை. கத்திக்கொண்டே சரிவில் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவை ஓடிவிட்டன. குதிரையின் வயிறு கிழிந்து கிடந்தது. உள்ளே குட்டியின் குளம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அலறல் கேட்டுப் பக்கத்துப் பட்டிக்காரன் சாதிர் ஓடி வந்தான். என் வீட்டுக்காரரும் தடுமாறி வந்து நின்றார்.

"மெர்கென் அண்ணே, என்ன ஆச்சு? ஒரு வெடிச் சத்தம்கூடக் கேக்கலையே!"

நாற்பது வருஷம் ஊரே மதித்த மனுஷன், என் குரல் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

"நான்தான் அறிவு கெட்டவ," என்றேன். "துப்பாக்கியை ராத்திரி அடுப்புப் பக்கத்துல வச்சுட்டேன். கண்ணாடி வேர்த்துருச்சு."

"அடிப்பாவி! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே அண்ணி!" சாதிர் காறித் துப்பினான். "உங்க மேல தப்பே இல்லண்ணே."

உயிர் போவதற்குள் குதிரையை அறுக்க, அவன் கத்தி எடுத்துவரப் போனான். இவர் சட்டைக் கையால் ஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு ராத்திரி மறக்காம வெளிய வை," என்றார். "நாளைக்கு வரட்டும், பார்த்துக்கிறேன்."

"வைக்கிறேன்யா," என்றேன்.

காவல் காக்க எங்களிடம் இனி ஒரு குதிரையும் இல்லை.