தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே

அந்த வட்டாரத்தில் அவளை எல்லாருக்கும் டேப் டாக்டர் என்றுதான் தெரியும். மருத்துவம் படித்தவள்தான், ஆனால் மருந்துச் சீட்டு எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆராய்ச்சிக் கழகத்தின் மூன்றாம் மாடியில், மாரடைப்பும் சர்க்கரை நோயும் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பதைப் பதினோரு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். நாலாயிரம் பேர் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றோடு வருவார்கள். அவள் ரத்தம் எடுப்பாள், அழுத்தம் பார்ப்பாள், இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளப்பாள்.

"வயித்தை எக்காதீங்க, மூச்சை விடுங்க. இங்க யாரும் உங்களைப் போட்டோ எடுக்கல" என்பாள். சிரித்தால் மூச்சு தானாக வெளியேறிவிடும், அளவும் சரியாகக் கிடைக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் வரும். அடுத்த பத்து வருடத்துக்கு அபாயம் அதிகமென்றால் சிவப்புத் தாள், குறைவென்றால் பச்சைத் தாள். கீழே அவள் கையெழுத்து. இந்த மதிப்பெண் முறையைப் பத்தொன்பது மருத்துவமனைகள் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். முதலில் வெறும் வயிற்றில். பிறகு சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. காத்திருக்கும் அறையில் நான்கே நாற்காலிகள். வேலைக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். மூன்றாம் வருடம் அவள்தான் ஒரு வழி சொன்னாள். இடுப்பளவு தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேலே இருக்கும் ஆண்களுக்கும் எண்பதுக்கு மேலே இருக்கும் பெண்களுக்கும் மட்டும் இரண்டாவது ரத்தம் போதும். "ஒல்லியா இருக்கறவங்களை எதுக்கு உட்கார வைக்கணும்?" என்று கேட்டாள். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

அவளுடைய அண்ணனும் ஆய்வில் இருந்தான். எண் 2316. தங்கைக்காகச் சேர்ந்தவன். லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவன் படியேறித்தானே போக வேண்டும்? ஒரு நாளைக்கு நாற்பது மாடி ஏறுவான். அவனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒல்லி என்றே கூப்பிட்டார்கள். டேப்பில் எழுபத்தெட்டுக்கு மேல் அவன் போனதே இல்லை.

"எமனே வந்தாலும் எடை பத்தலைன்னு என்னைத் திருப்பி அனுப்பிருவான்" என்று பச்சைத் தாளை வாங்கிக்கொண்டு போவான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவான். "என் தங்கச்சி கையெழுத்து பாருங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோராவது மாடியில் மோட்டார் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தாடை வலித்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. கீழே இறங்கி வந்து, பல்வலி என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அண்ணி அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தாள்.

"முகமே சரியில்ல. எந்திரிங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"பல்லு வலிக்குப் போய் டாக்டரா? வேற ஒண்ணும் இருக்காது. அதான் பாப்பா எழுதியே குடுத்திருக்கால்ல, பத்து வருஷத்துக்குப் பயமில்லன்னு."

அண்ணி வற்புறுத்தவில்லை. ஐந்து மணிக்குத் தேநீரோடு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயது.

பத்து நாள் கழித்து டேப் டாக்டர் வேலைக்குத் திரும்பினாள். ஆய்வில் இருப்பவர் யார் இறந்தாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 2316-க்கான படிவம் அவள் மேஜையில் கிடந்தது. எதிர் மேஜையில் இருந்த புள்ளிவிவரக்காரர் அவசரமாக எழுந்து வந்தார்.

"அதை என்கிட்ட குடுங்க மேடம். நான் போடறேன்."

"வேணாம் சார். என் வேலைதானே."

இறந்த தேதி எழுதினாள். காரணம்: மாரடைப்பு. அடுத்த கட்டம், ஆய்வின் முன்கணிப்பு. 'குறைந்த அபாயம்' என்று எழுதினாள். எழுதி முடித்தபோது, இந்த இரண்டு சொற்களையும் இதே கட்டத்தில் முன்பும் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து இறப்புக் கோப்புகளை இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அண்ணனுக்கு முன்பே மாரடைப்பால் இறந்தவர்களில் பச்சைத் தாள் வாங்கியவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருமே ஒல்லி. எட்டுப் படிவத்திலும் அவள் கையெழுத்து இருந்தது.

"இந்த எட்டுப் பேரும் செத்தப்போ நான் என்ன பண்ணினேன் தெரியுமா சார்?" என்றாள். "படிவத்தை முடிச்சேன், பேனாவை மூடினேன், சாப்பிடப் போனேன்."

அவர் எட்டுப் படிவங்களையும் வாங்கி, எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஆய்வுக்கு வந்த எல்லாருடைய ரத்தத்திலும் கொஞ்சம், மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்திருந்தது. அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு உறைபெட்டியைத் திறந்து, அண்ணனின் குழாயை எடுத்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெறும் வயிற்று அளவு அவனுக்கு எப்போதும் சரியாகவே இருந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை இந்த ரத்தத்திலேயே பார்க்க முடியும். ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். மறுநாள் முடிவு வந்தது: எட்டு புள்ளி ஆறு. அதற்கு முந்தைய வருடக் குழாயில் எட்டு. அதற்கும் முந்தையதில் ஏழரை. சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறி இறங்கும் சர்க்கரை அவன் ரத்தக் குழாய்களை வருடக்கணக்காக அரித்திருக்கிறது. அவனையும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருந்தால் பிடித்திருக்கலாம்.

அவள் துறைத் தலைவரின் அறைக்குப் போனாள்.

"உங்க துக்கம் எனக்குப் புரியுது" என்றார் அவர். "ஆனா வீட்டுல ஒருத்தர் போயிட்டார்ங்கறதுக்காகப் பதினோரு வருஷ ஆய்வைத் தப்புன்னு சொல்ல முடியுமா?"

"ஒருத்தர் இல்ல சார், ஒன்பது பேர். எட்டுப் பேர் செத்தும் எனக்கு உறைக்கல. ஒன்பதாவது ஆள் என் அண்ணனா இருக்க வேண்டியிருந்தது."

அவர் மேஜையிலிருந்த ஒரு வெற்றுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மற்ற ஒல்லியானவர்களின் ரத்தத்தையும் சோதிக்க அனுமதி கேட்டு, ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்.

அனுமதி வந்ததும், ஒல்லியானவர்கள் அறுநூற்று நாற்பது பேரின் குழாய்களையும் எடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரம் ஆயிற்று. ஐம்பத்தெட்டுப் பேருக்குச் சர்க்கரை இருந்தது. இறந்துபோன ஒன்பது பேரும் அந்தக் கணக்கில் அடக்கம். மீதி நாற்பத்தொன்பது பேருக்கும் அவளே தொலைபேசியில் பேசினாள். பச்சைத் தாளைக் கிழித்துப் போடச் சொன்னாள். சிலர் அழுதார்கள், சிலர் நம்பவில்லை. ஒரு பழக்கடைக்காரர் மட்டும், "போன வருஷம் நல்லா இருக்கேன்னு சொன்னதும் நீங்கதான், இப்ப இல்லன்னு சொல்றதும் நீங்கதான். எந்த டாக்டரம்மாவை நம்பறது?" என்று கேட்டார். "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் வந்தார்.

அண்ணியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் புள்ளிவிவரக்காரர் சொன்னார். சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஒரு மாதம் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அண்ணி தட்டில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள்: நாற்காலிகள், கூட்டம், குழாய், எட்டு புள்ளி ஆறு.

அண்ணி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்போ முன்னாடியே தெரிஞ்சிருக்கும்?"

"ஆமா அண்ணி."

"மருந்து குடுத்திருந்தா இருந்திருப்பாரா?"

"உறுதியா சொல்ல முடியாது. இருந்திருக்க வாய்ப்பு இருக்கு."

"அன்னைக்கு நான் அவரை இழுத்துட்டுப் போகலையேன்னு இத்தனை நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்." அண்ணியின் குரல் ஏறவே இல்லை. "உன் பேப்பரைக் காட்டித்தான் அவர் படுத்தாரு. நீ இனிமே இங்க வராத."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் வேலை செய்தது. ஆனாலும் படியிலேயே இறங்கிப் போனாள்.

மதிப்பெண் முறையைப் பத்தொன்பது மருத்துவமனைகளும் நிறுத்தின. தவறு எங்கே நடந்தது, யார் எடுத்த முடிவு என்று அவளே எழுதிய கட்டுரை வெளியானது. வெளியூரிலிருந்து சில ஆராய்ச்சியாளர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அவற்றைப் பாதிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. புதிய முறையில் ஒல்லியோ பருமனோ, எல்லாரும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். இடுப்பை அளக்கும்போது அவள் இப்போது வேடிக்கையாக எதுவும் சொல்வதில்லை. அண்ணி தொலைபேசியை எடுப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் அண்ணன் மகள் வந்து நின்றாள். இருபத்தாறு வயது, அப்பாவைப் போலவே ஒடிசலான உடம்பு.

"அத்தை, அம்மா அனுப்பினாங்க. ரத்தம் குடுத்தா உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல. 'அவ இன்னொரு தடவை தப்பு பண்ண மாட்டா'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

இரண்டாவது ரத்தத்தின் முடிவு மதியம் வந்தது. நோய் இன்னும் இல்லை. ஆனால் எல்லைக்கோட்டில் நின்றது. மகள் தாழ்வாரத்துக்குப் போய் அம்மாவிடம் பேசினாள். பிறகு திரும்பி வந்து கைபேசியை அத்தையிடம் நீட்டினாள்.

"அண்ணி..."

"என்ன குடுக்கணும், எதைக் குறைக்கணும், எப்ப மறுபடியும் வரணும். அதை மட்டும் சொல்லு."

அவள் ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். இடையில் ஒரே ஒரு முறை, "மெதுவா, எழுதறேன்" என்றாள் அண்ணி. எல்லாம் சொல்லி முடித்ததும் அடுத்து வர வேண்டிய தேதியை மட்டும் அண்ணி ஒரு முறை திருப்பிச் சொன்னாள். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.