தோல் வாஷர்

மெஹராஜை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னதே பாஸிலாதான். திண்டுக்கல் பேகம்பூரில் அவளுடைய தாய்வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பெண் மெஹராஜ். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னைப் பக்கம் பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்யவேண்டி வந்ததும் வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டாள். "படிச்ச புள்ள வீட்டுல சும்மா உக்காந்திருக்கு. உங்க பட்டறையில ஏதாச்சும் பாத்துக்கட்டுமே" என்று பாஸிலா கணவனிடம் சொன்னாள். ஃபோன் எடுப்பாள், பில் போடுவாள் என்றுதான் அப்போது நினைத்திருந்தாள்.

கணவன் அப்துல் ஹாதிக்கு வத்தலக்குண்டு சாலையில் பட்டறை. வெறும் சேஸாக, அடியில் இரும்புச் சட்டம் மட்டுமாக வரும் லாரிக்குத் தரை, பக்கச் சுவர், கதவு எல்லாம் கட்டிக்கொடுப்பது தொழில். முன்பெல்லாம் இரும்பும் மரமும்தான். இப்போது வண்டிக்காரர்கள் அலுமினியம் கேட்கிறார்கள். வண்டியின் கனம் குறையும், சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம். ஹாதியும் கட்டிக்கொடுத்தான். ஆனால் ஒரு மழைக்காலம் போனதும் அந்த வண்டிகள் திரும்பி வந்தன. போல்ட் போட்ட இடத்தைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொங்கி, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. மட்டமான தகடு கொடுத்துவிட்டான் என்று ஹாதி கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வந்த வாரமே மெஹராஜ், குற்றம் தகட்டில் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்த ஹாதி சோற்றைத் தொடாமல் இரும்புத் தோசைக்கரண்டியை எடுத்து அலுமினியக் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்தான்.

"பாஸிலா, இங்க பாரு. இது நம்ம சேஸு. இது அலுமினியத் தகடு. ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கு. நடுவுல தண்ணி நின்னா என்ன ஆகும்? பேட்டரி மாதிரி கரண்ட் ஓட ஆரம்பிச்சிரும். இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. அலுமினியம்தான் கரைஞ்சுகிட்டே போகும். உப்புத்தண்ணின்னா இன்னும் வேகம். தொடவிடாமப் பிரிச்சு வச்சாப் போதும். நடுவுல ரப்பர் பட்டை, போல்ட்டுக்கு நைலான் வாஷர், இரும்பு மேல பிரைமர். அம்புட்டுதான். இத்தன வருசமா இது தெரியாம இருந்திருக்கேன்."

"மெஹராஜ் சொல்லுச்சா?"

"பின்ன?"

பாஸிலா கிண்ணத்தை எடுத்து அவன் தட்டில் வெஞ்சனம் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் பட்டறை விஷயம் எதையும் அவன் அவளிடம் பேசியதில்லை. அவளாகக் கேட்டால் "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்பான். இன்றைக்கு அவன் முகம் பரீட்சையில் பாஸான பையன் முகம் மாதிரி இருந்தது. இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. வேறொருத்தி அதை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயர் கேட்காத வேளையே இல்லை. மெஹராஜ் தண்ணீர் வடிய ஓட்டை போடச் சொல்லுது. மெஹராஜ் மூட்டுக்கு மூட்டு டார்ச் அடிச்சுப் பாக்குது. மெஹராஜுக்குக் காப்பியில சீனி ஆகாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு பாஸிலா அடுப்படிக்குப் போய்த் தனக்கு டீ போட்டாள். தனக்குக் காப்பியே ஆகாது, டீதான் குடிப்பாள் என்பது ஹாதிக்குத் தெரியுமா என்று நினைத்துப் பார்த்தாள்.

அவன்மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டைக் கொடுத்து அனுப்புவதை நிறுத்திவிட்டு அவளே எடுத்துக்கொண்டு போனாள். போன ஒவ்வொரு நாளும் அவர்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒரு போல்ட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாள் கடுமையான வாக்குவாதமாகக்கூட இருந்தது. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. ஹாதி அவளோடு வாக்குவாதம் செய்ததே கிடையாது. சரி சரி என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

"வாங்க மதினி" என்று மெஹராஜ் எழுந்து நிற்பாள். மரியாதையான பெண். பாஸிலாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

பாஸிலா சும்மா இருப்பவள் இல்லை. வீட்டின் முன்னறையில் தையல் மெஷினும், தோலில் வட்டம் வெட்டுகிற பஞ்சிங் மெஷினும் வைத்திருந்தாள். அவள் அத்தா மைதீன் பிச்சை தோல் வியாபாரி. தோல் பதனிடும் ஆலைகளில் மிஞ்சும் துண்டுத் தோல்களை அவர் வாங்கிக் கொடுக்க, இவள் பெல்ட்டும் பர்ஸும் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். அந்த வேலையைப் பற்றி ஹாதி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது எப்படி வெட்டுகிறாய், அது ஏன் இப்படித் தைக்கிறாய் என்று ஒருநாள்கூட மெஷின் பக்கத்தில் வந்து நின்றதில்லை.

அந்தச் சமயத்தில் அப்துல் ஹக்கீமின் லாரி பட்டறைக்கு வந்தது. அவர் மைதீன் பிச்சைக்குப் பழக்கமானவர். வெளியூர்களிலிருந்து உப்புப் போட்ட பச்சைத்தோலை ஏற்றி வந்து திண்டுக்கல் ஆலைகளுக்குக் கொடுப்பவர். முழுக்க அலுமினியத்தில் பாடி கேட்டார், அதுவும் சீக்கிரமாக. கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய ரப்பர் பட்டையும் நைலான் வாஷரும் வந்தபாடில்லை. மெஹராஜ் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் சில நாள் லீவு. ஹாதி வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"இரும்பும் அலுமினியமும் தொடக்கூடாது, அவ்வளவுதானே?" என்றாள் பாஸிலா. "தோல்ல வெட்டித் தர்றேன். நல்ல தடிமனான தோலு இருக்கு. வாஷரும் வரும், பட்டையும் வரும்."

ஹாதி நின்றான். ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தான். "தோலு கரண்டைக் கடத்தாதுல்ல?"

"கடத்தாது."

"இது எனக்குத் தோணவே இல்ல பாரு."

அந்த ஒரு வாரம் பாஸிலாவின் வாழ்க்கையில் நல்ல வாரம். அவள் மெஷினை மிதிக்க, ஹாதி பக்கத்தில் உட்கார்ந்து வாஷர்களை எண்ணெயில் முக்கி எடுத்து அடுக்கினான். ஓட்டையின் அளவு சரியா என்று போல்ட்டை நுழைத்து நுழைத்துப் பார்த்தான். "கைய வெட்டிக்காம எப்படி இம்புட்டு வேகமா போடுற?" என்று கேட்டான். அவள் சொல்லிக்கொடுத்தாள்.

சொல்லாத விஷயமும் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் பெல்ட்டில் கோத்த பித்தளை பக்கிள்கள் தோல் படுகிற பக்கம் பச்சை பூத்துப்போகும். அதற்காகவே அவள் ஒவ்வொரு பக்கிளையும் காகிதத்தில் சுற்றித் தனியாக வைப்பாள். தோல் ஈரத்தை இழுக்கும், இழுத்ததை விடாது. தோல் வியாபாரியின் மகளுக்கு இது தெரியாமல் இருக்குமா. எண்ணெய் போட்டால் ஒன்றும் ஆகாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே அடுத்த வட்டத்தை வெட்டினாள்.

மெஹராஜ் திரும்பி வந்தபோது தரைத் தகடு பாதி பொருத்தியாகியிருந்தது. பாஸிலாவும் அங்கே இருந்தாள். மெஹராஜ் ஒரு வாஷரைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள்.

"ரொம்ப நேர்த்தியா வெட்டியிருக்கீங்க மதினி" என்றாள். பிறகு ஹாதியைப் பார்த்து, "ஆனா அண்ணே, இது தண்ணியக் குடிச்சு அங்கேயே வச்சுக்கும். தோல் பதப்படுத்துனதுலயே உப்பு இருக்கு. வண்டியில ஏத்தப்போறதும் உப்புத்தோலு. ரப்பர் வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்போம்" என்றாள்.

"எண்ணெயில ஊறவச்சிருக்கு" என்றாள் பாஸிலா.

"எண்ணெய் நாள்பட நிக்காது மதினி."

ஹாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பாஸிலா சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டுக் கிளம்பினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம்தான் சொன்னாள்.

"அந்தப் புள்ள சொன்னா வேதம். நான் ஒரு வாரமா முதுகு ஒடிய வெட்டுனது குப்பை. அப்படித்தானே? கழட்டிப் போடுங்க. ஊரெல்லாம் சொல்லுங்க, பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்ல வேற செய்யணுமா?"

மறுநாள் ஹாதி தோல் வாஷர்களோடேயே மீதித் தகட்டையும் பொருத்தச் சொன்னான். மெஹராஜ் எதிர்த்துப் பேசவில்லை. "இந்த வண்டிய நான் பாத்ததா மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டாள். ஹாதிக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவன் வீட்டில் அவள் பெயரைச் சொல்வதில்லை.

பாஸிலா ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து பேச்சும் போய்விட்டது. ஹாதி பழையபடி தலையைக் குனிந்து சாப்பிட்டான், சரி சரி என்றான், துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வேண்டாததைத் துரத்தப் போய், வேண்டியதையும் சேர்த்துத் துரத்திவிட்டது அவளுக்குப் புரிந்தது. அதற்கும் மெஹராஜின் மேல்தான் கோபம் வந்தது.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. மழை ஓய்ந்த பிறகு, மதியச் சாப்பாட்டோடு பாஸிலா பட்டறைக்குப் போன ஒரு நாள், வாசலில் ஹக்கீமின் லாரி நின்றது. ஒரு பக்கச் சுவரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வடமதுரை தாண்டி வரும்போது அந்தச் சுவர் அடியோடு பிடுங்கிக்கொண்டு, தோலெல்லாம் நான்குவழிச் சாலையில் சரிந்திருக்கிறது. பின்னால் பைக்கில் வந்தவர் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். நாற்றம் தாங்காமல் போகிறவன் வருகிறவனெல்லாம் ஏசியிருக்கிறான்.

"புது வண்டிடா இது" என்றார் ஹக்கீம். குரலை உயர்த்தவில்லை. "அந்த ஆளு தலையில அடிபட்டு மௌத்தாகியிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்லுறது? யார் பாத்த வேலை இது? படிச்ச பொண்ணு ஒண்ணு வச்சிருக்கியாமே, அது பாத்ததா?"

ஹாதி கயிறு கட்டிய சுவரையே பார்த்தான். மெஹராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பாஸிலா காத்திருந்தாள். சொல்லட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

"ஆமா மாமா" என்றாள் மெஹராஜ். "நான் இங்கதான் இருந்தேன். நான் நிறுத்தியிருக்கணும். முழுசாக் கழட்டி மறுபடி கட்டித் தாரோம். அதுவரைக்கும் வேற வண்டிக்கு அண்ணன் ஏற்பாடு பண்ணுவாங்க."

ஹாதி நன்றியோடு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை பாஸிலாவின் கண்ணில் பட்டது. இவள் வேலையிலும் பெரியவள், குணத்திலும் பெரியவளா? நான் செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்குப் பிச்சை போடுகிறாளா? நியாயம் என்று தோன்றியதாலெல்லாம் அல்ல, அந்தப் பிச்சையை வாங்க முடியாமல்தான் அவள் முன்னால் வந்தாள்.

"அவ பாக்கல மாமா. அவ வேணாம்னு சொன்னா. தோல் வாஷர் வெட்டிக் குடுத்தது நான். போட்டே ஆகணும்னு நின்னதும் நான்."

ஹக்கீம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மைதீன் பிச்சை மகளா இருந்துகிட்டு உனக்குத் தோலைப் பத்தித் தெரியாதா?"

"தெரியும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வேண்டும் என்று ஹாதியிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

வண்டியைக் கழற்றும்போது பாஸிலாவும் இருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. போல்ட்டுகள் சுழன்றன, ஆனால் பிடிப்பே இல்லை. அவற்றைப் பிடித்திருக்க வேண்டிய அலுமினியம் அங்கே இல்லை. தோல் வாஷர்கள் கருத்து ஊறி, அழுகின அத்திப்பழம் மாதிரி நசுங்கின. தோல் பட்ட இடத்திலெல்லாம் தகடு அரித்துச் சல்லடையாகியிருந்தது. பக்கத்திலேயே இரும்புச் சட்டம் கிட்டத்தட்டப் புதுசாக இருந்தது.

மெஹராஜ் அவளிடமே சொன்னாள். "பாருங்க மதினி, தொடவிடாம வச்சது சரிதான். ஆனா ஈரத் தோலு வழியா உப்புத்தண்ணி ரெண்டையும் சேத்துவச்சிருச்சு. போல்ட்டும் உள்ளுக்குள்ள தகட்ட உரசிக்கிட்டே இருந்திருக்கு. வாஷர் மட்டும் பத்தாது, போல்ட்டச் சுத்தியும் நைலான் குழாய் வேணும்."

"அப்ப ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவுல தண்ணி பூந்தா?"

மெஹராஜ் யோசித்தாள். "பூரும். அதுக்குத்தான் ஓரத்துக்குப் பசை போட்டு அடைக்கிறது. ஆனா மண் அடைஞ்ச இடத்துல அதுவும் விடும். அத நானும் சரியா யோசிக்கல." கேட்டவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பாஸிலா மன்னிப்புக் கேட்கவில்லை. மெஹராஜும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒருவர் தகட்டைப் பிடிக்க, மற்றவர் சுரண்டினார். அப்படியும், ஹாதி வந்து மெஹராஜிடம் ஏதோ கேட்டபோது பாஸிலாவின் கை ஒரு நிமிடம் நின்றுதான் மறுபடி சுரண்டியது. அது அவ்வளவு சீக்கிரம் போகிற நோயில்லை.

சொன்ன கெடுவுக்கு வண்டி போனது. அன்று ஹாதி அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டத்தில் வண்டி நின்றது.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு? கெட்டுப்போகும்னு?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வெட்டுன?"

அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு வாரம் நீங்க எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஹாதி வண்டியை எடுக்காமல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். பிறகு பைக்கை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"இறங்கு" என்றான். "ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம். காப்பி சொல்லவா உனக்கு?"

"காப்பி எனக்கு ஆகாது."

"ஆகாதா?" அவன் நிஜமாகவே திகைத்துப்போனான். "எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து" என்றாள் பாஸிலா. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஹாதி அவளையே பார்த்துக்கொண்டு, "நீயே சொல்லு" என்றான்.