விளிம்புவரை ஊற்றிய தேநீர்

சனோபருக்கு நேரம் என்றால் கேக் மாவு மாதிரி. ஒரு கரண்டி சிந்தினாலும் மனசு ஆறாது. மார்கிலான் ஊரில் கல்யாணம் என்றால் சனோபரின் கேக்தான் என்று பெயர் வாங்கியிருந்தாள். நேரத்தை மிச்சம்பிடிப்பது எப்படி என்று கைபேசியில் எவனோ ஒருவன் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டையே தலைகீழாக மாற்றிவிட்டாள். பத்து நடை நடப்பதை ஒரே நடையில் முடி என்பான் அவன். இவளும் முடித்தாள். தேநீரைக்கூட விட்டுவைக்கவில்லை. முதல் ஊற்றலைக் கிண்ணத்தில் பிடித்து மூன்று முறை கெண்டிக்கே திருப்பும் வழக்கம் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடிப்பதும் போயிற்று. விளிம்புவரை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலைக்கு நடுவில் எழுந்திருக்க வேண்டாமே. புருஷன் கசகஸ்தானில் லாரி ஓட்டுகிறான், மகள் தாஷ்கண்டில் படிக்கிறாள். தனியாகக் குடிப்பவளை யார் கேட்கப்போகிறார்கள்?

சாமர்த்தியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கேக்குகள் முன்பைவிட இரண்டு மடங்கு ஆயின. ஆனால் மிச்சம்பிடித்த நேரத்தையெல்லாம் எங்கே வைத்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அக்கா கரோமத்தின் கணவர் இறந்த நாற்பதாம் நாள், சொந்தமெல்லாம் கூடி உட்கார்ந்திருக்க, இவள் ஒரு கேக்குக்காகப் பாதியில் எழுந்தாள். அக்கா வாசல்வரை வந்து, "போ, உனக்கு நேரமாகுது" என்றாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு போன் போட்டாலும் எடுப்பதில்லை, பெருநாளுக்கும் வரவில்லை. தாயில்லாத வீட்டில் சனோபரைத் தூக்கி வளர்த்தவள் அவள். வேலை ஓய்ந்து படுக்கும்போதெல்லாம் சனோபருக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும், அழுகையும் வரும்.

இன்று மதியம் யாரோ கதவைத் தட்ட, கையெல்லாம் க்ரீமோடு போய்த் திறந்தால், கரோமத் நிற்கிறாள். கையில் துணியில் சுற்றிய இரண்டு ரொட்டி.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற? உள்ள கூப்பிட மாட்டியா?"

"ஐயோ, வாங்கக்கா! வாங்க, வாங்க!"

சனோபருக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார மெத்தை விரித்தாள், ரொட்டியைப் பிய்த்து வைத்தாள், உலர்திராட்சையைத் தேடி எடுத்தாள். ஆனால் மேசைமேல் கேக் பாதி ரோஜாக்களோடு நின்றது. சாயங்காலம் அதை வாங்கிப்போக மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள்.

"நீ உன் வேலையைப் பாரு. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"இதோ முடிஞ்சுதுக்கா. நீங்க சொல்லுங்க, உடம்பு எப்படி இருக்கு?"

கண் ரோஜாவில், காது அக்காவிடம், கை கெண்டியில். அந்தக் கை பழகினபடியே ஊற்றிவிட்டு மேசைக்குத் திரும்பியது.

"அது வந்துடி, வீட்ல தனியா..." என்று ஆரம்பித்த கரோமத் நிறுத்தினாள். தளும்பி நின்ற கிண்ணத்தைப் பார்த்தாள். ஊதி ஊதி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். உண்டு முடித்த துவாவாக இரு கைகளையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தாள்.

"வரேன்மா. உனக்கு நேரமாகுது."

"என்னக்கா, இப்பத்தானே வந்தீங்க? இந்த ஒரு பூவை மட்டும்..."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சனோபர் ஓடிவந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அதன் விளிம்பிலேயே ஒரு தேயிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கும் விளிம்புவரை ஊற்றியிருக்கிறாள். விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினால், இரு, இன்னும் ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். நிறைத்து ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் இது. இவளுக்குக் கற்றுக்கொடுத்ததே கரோமத்தான்.

"பாவி, பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு, கெண்டியும் கிண்ணமுமாகத் தெருவில் ஓடினாள். அந்தக் கேக் ஒரு பக்கம் மொட்டையாகவே கல்யாணத்துக்குப் போயிற்று. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தார்களாம், யாரும் கவனிக்கவில்லையாம்.

கரோமத் வேன் நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, சத்தியமா வேணும்னு ஊத்தலக்கா. தனியா குடிச்சுக் குடிச்சு இந்தக் கை அப்படியே பழகிடுச்சு. போகாதீங்க."

சனோபர் நடுத்தெருவில், நாலு பேர் வேடிக்கை பார்க்க, கிண்ணத்தில் ஊற்றிக் கெண்டிக்கே திருப்பினாள். இன்னொரு முறை. மூன்றாம் முறை. பிறகு ஒரு வாய் அளவு மட்டும் ஊற்றி, கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக மார்பில் ஒரு கையை வைத்து நீட்டினாள்.

கரோமத் எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, நாக்குகூட நனையாது."

"அதுக்குத்தான்க்கா."

வேன் வந்து நின்றது. "ஏறுறீங்களா, இல்ல இங்கயே டீக்கடை போட்டுட்டீங்களா?" என்றான் டிரைவர்.

"நீ போப்பா" என்றாள் கரோமத். வேன் போயிற்று. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த க்ரீமை தலைத்துணி நுனியால் துடைத்துவிட்டாள்.

"அவர் போனதுலேருந்து நானும் நெறச்சு ஊத்தித்தான்டி குடிக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தித் தர ஆள் வேணுமில்ல? அதைச் சொல்லத்தான் வந்தேன்."

காலிக் கிண்ணத்தைத் தங்கையிடமே நீட்டினாள்.