ஏழாம் எண் அறை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட. இருபத்திரண்டு வருஷம் வார்டில் நர்ஸாக ஓடி முழங்கால் தேய்ந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளிடம் வந்தது. விமான நிலையத்தில் போய்க் கூட்டிவருவது, பஸ் நம்பர் சொல்லிக்கொடுப்பது, எந்தக் கடையில் போர்வை மலிவு என்று காட்டுவது. "புகுந்த வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு நாத்தனார் மாதிரி என் வேலை. ஆனா நான் நல்ல நாத்தனார்" என்று சிரிப்பாள்.

போன வருஷம் வந்த ஒருத்திக்கு நர்ஸுகள் விடுதியில் ஏழாம் எண் அறை. வகுப்பில் உட்கார்ந்து நம் மொழியைக் கற்றவள். வாயைத் திறந்தால் புத்தகம்தான். "ஐயா, தங்களுக்கு வலி குறைந்துள்ளதா?" என்று அவள் கேட்டதும் வார்டே சிரித்தது. அன்றைக்கே நியூஸ் ரீடர் என்று பெயர் விழுந்தது. அக்காவும்தான் சிரித்தாள். அதன் பிறகு அந்தப் பெண் வேலைக்குத் தேவையானதற்கு மேல் பேசவில்லை. வாரம் ஒருமுறை அக்கா போனில், "எப்படிம்மா இருக்க?" என்பாள். "நான் நலமாக இருக்கிறேன்" என்று பதில் வரும். அக்கா தாளில் டிக் போட்டுவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். அக்கா தன் தங்கை மகளோடு துணிக்கடையில் நின்றிருந்தாள். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டாள். திங்கட்கிழமை அவள் டியூட்டிக்கு வரவில்லை. அவள் அறையை மாற்றுச் சாவியால் திறந்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். சனிக்கிழமையே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். "நீங்க போனை எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா" என்றும் சொன்னார். அந்தப் பேச்சை மட்டும் அக்காவின் மனசு ஏற்கவில்லை.

அன்றிலிருந்து, பட்டப்பகலில் விடுதியின் இரண்டாம் மாடி ஏறினாலும் படிக்கட்டுத் திருப்பத்தில் அந்தக் குரல் கேட்டது. நான் நலமாக இருக்கிறேன். கணவரிடம் சொன்னாள். "காதுல ஏதோ கோளாறு, போய்க் காட்டு" என்றார். காட்டினாள். காது நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் நான்கு பேர் வந்தார்கள். இடமில்லை. ஏழாம் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலைத் திருப்பிப் போட்டு, நால்வரில் வாயாடியான ஒருத்தியை அங்கே வைத்தார்கள். செத்தவளுடைய நாட்டுக்காரிதான். அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. அக்காவும்தான்.

வாயாடி இரண்டே மாதத்தில் "என்னக்கா, சாப்டாச்சா?" என்று பேசத் தொடங்கிவிட்டாள். அக்கா அவளுக்கு நாளைக்கு மூன்று தடவை போன் செய்தாள்.

ஒரு ஞாயிறு மதியம் நால்வரையும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மூன்று பேர்தான் வந்தார்கள். வாயாடிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினோராவது தடவைக்கு அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு வண்டி பிடித்து ஓடினாள். படிக்கட்டில் அந்தக் குரல் வந்தது. "சும்மா இரு!" என்று கத்தினாள். ஏழாம் அறை உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள், குத்தினாள்.

"உடைங்க!" என்றாள் பின்னாலேயே வந்த வாட்ச்மேனிடம்.

அவர் தோளால் இரண்டு முறை இடித்தார். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது. நைட் டியூட்டி முடித்துக் காதில் பஞ்சு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த வாயாடி, வீறிட்டபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு என் கதவை உடைச்சீங்க?"

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வாயாடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "எந்த இடத்துல?" என்றாள். அக்கா காட்டினாள்.

"அங்கதான் நான் தினமும் செருப்பு விடறேன்." அவள் செருப்பை அங்கிருந்து எடுத்தாள். "எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இதுக்குப் பேர்தான் பாத்துக்கறதாக்கா?"

அன்றே தோழியின் அறைக்கு மாறிவிட்டாள். நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அக்காவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவ அம்மாகிட்ட பேசினீங்களா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து லெட்டர் போச்சு."

"நீங்க பேசினீங்களா?"

"எனக்கு உங்க பாஷை தெரியாதேம்மா."

"எனக்குத் தெரியுமே."

போன் போட்டார்கள். அந்த அம்மா பேசப் பேச வாயாடி மொழிபெயர்த்தாள். "அங்க அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க, வாரம் தவறாம என்னை விசாரிப்பாங்க, எனக்கு அவங்கதான் எல்லாம்னு மக சொல்லுவாளாம். அது நீங்களான்னு கேக்கறாங்க."

அக்கா தலையை ஆட்டினாள். தலையாட்டல் போனில் போகாது என்பது பிறகுதான் உறைத்தது. "நான்தான்னு சொல்லு."

"கடைசியா உங்ககிட்ட பேசினாளான்னு..." வாயாடி போனைக் கையால் பொத்தினாள். "பேசினான்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். அவ கூப்பிட்டா, நான்தான் எடுக்கல. அப்படியே சொல்லு."

சொன்னாள். மறுபுறம் ஒரு சத்தம் எழுந்தது. இருபத்திரண்டு வருஷம் வார்டில் கேட்ட சத்தம். அதற்குப் பாஷை தேவையில்லை. ஆனால் அந்த அம்மா போனை வைக்கவில்லை. கடைசியில் ஒன்று கேட்டாள்: என் மகள் அங்கே எப்படி இருந்தாள்?

அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க வார்டு வார்டாக விசாரித்தாள். சிலர் கேலி செய்ததை ஒப்புக்கொண்டு தலைகுனிந்தார்கள். துப்புரவு செய்யும் அம்மா, "தரை ஈரமா இருந்தா காயறவரைக்கும் வெளியவே நிப்பா, மிதிக்கமாட்டா" என்றாள். டயாலிசிஸுக்கு வரும் பெரியவர் ஒருவர், அவள் தனக்கு நகம் வெட்டிவிடுவாள் என்றார். ஒரு வருஷம் இருந்தவளைப் பற்றி அவ்வளவுதான் கிடைத்தது. படிக்கட்டுக் குரல் அப்போதும் நிற்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டையும் சொன்னார்கள். நகம் வெட்டிய கதையை அந்த அம்மா மூன்று முறை சொல்லச் சொன்னாள். "வெட்டும்போது என்ன பேசுவாளாம்?" என்று கேட்டாள்.

அக்கா அதை விசாரிக்கவில்லை. "போனை வைக்க வேண்டாம்னு சொல்லு" என்று எழுந்தாள். போனோடு இருவரும் டயாலிசிஸ் வார்டுக்குப் போனார்கள். ஒரு கையில் குழாயோடு படுத்திருந்த பெரியவரிடம் வாயாடி போனை நீட்டினாள்.

"யாரும்மா?" என்றார் அவர்.

"பெரியப்பா, உங்களுக்கு நகம் வெட்டிவிடுவாளே, அவளோட அம்மா" என்றாள் அக்கா. "வெட்டும்போது அவ என்ன பேசுவான்னு கேக்கறாங்க, மெதுவாச் சொல்லுங்க. இவ எடுத்துச் சொல்லுவா."