சோடா கக்கும் மலை

மூக்காண்டிக்கு மருமகன் ராஜதுரையின் பேச்சில் நம்பிக்கை கிடையாது. தான்சானியாவில் எரிமலை பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறாராம். இப்போது வேல்விழியையும் அங்கே கூட்டிப்போக வந்து நிற்கிறார். இருப்பது ஒரே மகள். எவன் அனுப்புவான்?

மாமனாரை நம்பவைக்க ராஜதுரை ஒரு கறுப்புக் கல் துண்டைக் கொண்டுவந்திருந்தார்.

“எரிமலைக் குழம்பு ஆறுனது மாமா. அந்த மலையில மட்டுந்தான் இப்படி வருது. பகல்ல செவப்பா தெரியாது, கருப்பா எண்ணெய் மாதிரி ஓடும். துணி வெளுக்குத சோடாதான் அதுல ஜாஸ்தி.”

“மலை சோடா கக்குதாக்கும்? பக்கத்து மலை சொட்டு நீலம் கக்குதோ? திருவேங்கடம் ரோட்டுல தார் பேந்து கெடக்கு. அங்கன பொறுக்குனதுதான வே?”

“நாக்குல வச்சுப் பாருங்க.”

“ரோட்டுக் கல்லை நக்க நான் கிறுக்கனா?”

அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் நாலு பேர் முன்னால் வாயைக் கொடுத்தார். “அது சோடான்னு ஆச்சுன்னா கோமதியம்மன் மேல சத்தியமா பிள்ளைய அனுப்புதேன். இல்லன்னா அவ இங்கனதான் இருப்பா.”

தான்சானியாக்காரர்கள் அந்த எரிமலையைச் சாமி மலை என்கிறார்கள் என்று மருமகன் சொன்னதைக் கேட்டு, மனைவி முப்பிடாதியம்மாள் கல்லை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, கோயில் புற்றுமண் பக்கத்தில் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு அடைமழை பிடித்தது. ஈரம் குடித்த கல் வெளுத்து, உதிர்ந்து, மாவாகிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

ராஜதுரை தான்சானியாவுக்குக் கிளம்பவேண்டிய நாள். மூக்காண்டி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். கிண்ணத்தில் வெள்ளையாக இருந்ததைத் திருநீறு என்று அள்ளி நெற்றி நிறையப் பட்டை போட்டார். வழக்கம்போல ஒரு சிட்டிகை வாயிலும் போட்டார்.

துணி ஊறவைத்த தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. துப்பினார். நெற்றி எரிந்தது. அவசரமாகத் துடைத்தார்.

“அப்பா, நெத்தி என்ன இப்படிச் செவந்திருக்கு?” என்றாள் வேல்விழி.

முப்பிடாதியம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “ருசி எப்படி?”

“ஏட்டி, நெசமாவே எரிமலைட்டி! அங்கன எப்படிப் பிள்ளைய அனுப்ப?”

“நேத்து வரைக்கும் தாரு. இன்னைக்கு எரிமலையா? அம்மன் மேல சத்தியம் பண்ணுனது யாரு?”

மூக்காண்டி வாய் கொப்பளிக்கப் போனார். வெகுநேரம் கொப்பளித்தார். திரும்பி வந்து மகளிடம், “பெட்டிய எடுத்து வைம்மா” என்றார். மருமகனிடம், “வே, அடுத்த தடவ வரும்போது மலையை அங்கனயே வச்சிட்டு வாரும்” என்றார்.

சாயங்காலம் டீக்கடையில் கேட்டார்கள். “என்ன அண்ணாச்சி, மருமகன் சொன்னதை நம்பிட்டீரா?”

“நம்புதவனா நான்?” என்றார், துண்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு. “நாக்குல வச்சுப் பாத்துட்டுல்லா அனுப்புதேன்!”